பிடித்தது 64, இருந்தது 212

ஐஸ் பில்லில் மடித்து பென்டிரைவைக் கொண்டு வந்தான்
சங்கத்துக் கணக்கன் லெயோன்.
"பதினாலு படகுலயும் இந்தப் பெட்டிதான் அக்கா.
கம்பெனியை மூடிட்டான். எதுலயும் திறக்க மாட்டேங்குது."

தங்கச்சிமடம். கீழே ஐஸ் ஆலை.
பார் உடைக்கும்போதெல்லாம் என் மேசை ஒரு நூல் நகரும்.
திறந்தேன்.
இந்தக் கோப்பு எந்த வகை என்று தெரியவில்லை
என்றது மென்பொருள்.
முப்பது வகை தெரிந்த ஒன்று
தெரியவில்லை என்று சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது.

ஆகவே பைட் பைட்டாக.
முதல் நான்கை ஆங்கில எழுத்தாய்ப் படித்தால்
நீம்.
வேப்பமரத்தடியில் வளர்ந்த எவனோ எழுதிய நிரல் என்று
இரண்டு நாள் அவனுக்கு ஒரு வீடுகூடக் கட்டிக் கொடுத்தேன்.
மூன்றாம் நாள், கரண்ட் போன மதியம்,
நோட்டில் எழுதி வலமிருந்து படித்தேன்:
மீன்.

கடைசி பைட்டை முன்னால் வைக்கும் பெட்டி.
அப்புறம் எல்லா எண்களும்
வெயிலில் புரட்டிப்போட்ட காரல் மாதிரி
பளிச்சென்று மறுபக்கம் காட்டின.

நேரம் ஐந்தரை மணி பின்னால் நின்றது. கூட்டினேன்.
டோக்கன் போட்ட சனிக்கிழமை கழிந்து, இரவு இரண்டு நாற்பது.
வாடை ஏறிய இரவு.
படகிலிருந்து செய்தி ஏதும் வரவில்லை
என்று துறை எழுத்தில் கொடுத்திருந்த இரவு.

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இரண்டு நீளம் உண்டு:
எவ்வளவு இருந்தது, எவ்வளவு பிடித்தோம்.
இந்தக் கரையில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம்.
இரண்டையும் எழுதிவைப்பதுதான் புதிது.

பிடித்தது 64. இருந்தது 212.
கார்டில் இடம் மிச்சம் பிடிக்க
அதற்குமேல் வெட்டச் சொல்லியிருக்கிறான், அதே மீன்காரன்.
நாற்பத்திரண்டு முகவரிகளுக்கே போய்விடும்.
மிச்சம் இருபத்திரண்டு.
முதலில் டிரைவர் பெயர்.
தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட்,
இன்னாசிக்கு இருபத்தொன்று.
பிறகு ஓர் இடைவெளி.
அவ்வளவுதான்.

எஞ்சின் இறுகி இரண்டு இரவு மிதந்து
மணல்திட்டில் ஒதுங்கிய இன்னாசி
மாடிப்படி ஏறி வந்தார்.
"செய்தி போட்டேன்னு தெரியுதா?"
"தெரியுது."
"என்ன போட்டேன்?"
"உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"
திரையையே பார்த்தார்.
"எஞ்சினைத் திட்டியிருப்பேன். இல்ல, மாதாவுக்கு எழுதியிருப்பேன்.
அதுக்கு நூத்தி நாப்பத்தெட்டு பத்துமா?"

எழுநூறு வரி நிரலை அனுப்பினேன்.
சரிபார்ப்பவர், எந்த ஊரோ, இரண்டே கேட்டார்:
கோப்பு தன் நீளத்தைப் பொய்யாகச் சொன்னால் என்ன ஆகும்?
மாதிரிக் கோப்பு எங்கே?
முதலாவதற்கு ஆறு வரி.
இரண்டாவதற்கு ஒரு ராத்திரி போயிற்று.
ஊரறிய வைக்கும் கோப்பில் அவர் பெயர் கூடாது,
நீளமும் மாறக் கூடாது.
சங்கு போதவில்லை. திருக்கை நீண்டுவிட்டது.
ஓங்கில் சரியாக இருபத்தொன்று.
வெட்டுப்பட்ட மீதியை நான் நிரப்பவில்லை.

சேர்த்துக்கொண்டார்கள்.
இனி யார் திறந்தாலும் திறக்கும்.

துறை அலுவலகத்தில் மட்டும் திறக்காதாம்,
பேப்பரில் கேட்கிறார்கள் என்று லெயோன் வந்து நின்றான்.
ஒரே வரிதானே.
ஐஸ் பில்லின் பின்பக்கத்திலேயே அச்சடித்தேன்.
அதில் இன்னாசி என்றே இருக்கிறது.