உள்ளங்கையைக் காட்டு

மூலனூர்ச் சந்தைக்கு வெளியே
புளியமரத்தில் ஆணியடித்து
அந்தப் படத்தை மாட்டியிருந்தேன்.
முகமெல்லாம் முத்துப் போட்ட ஒரு வடக்கத்திப் பிள்ளை.
கீழே நீல மசியில் என் கையெழுத்து:
தகவல் சொன்னால் ஆயிரம் ரூபாய்.

மயிலாத்தாள் வந்தபோது வெய்யில் சாய்ந்துவிட்டது.
இட்டேரி வழியாக எட்டு மைல்.
தோளில் கட்டிய தூளியில் பையன்,
மேலே வேப்பங்கொழை.
"ஏனுங்க, இது பெரிசுதானுங்களே?"
குரலில் பயம் இருந்தது.
பயம் மட்டும் இல்லை.

போன வருசம் ஊசிப் பெட்டியோடு நான் போனபோது
இதே பையனைச் சோளக்காட்டுக்குள் ஒளித்தவள்.

முதுகைப் பார்த்தேன். வயிற்றைப் பார்த்தேன்.
ஒன்று காய்ந்திருந்தது, ஒன்று நீர் கோத்திருந்தது,
ஒன்று நேற்று ராத்திரிதான் பிறந்திருந்தது.
பெரியம்மைக்கு இந்தத் தாறுமாறு ஆகாது.
ஒரே ஈரத்தில் விதைத்த கம்பங்காடு அது,
மொத்தமும் ஒரே நாளில் கதிர் வாங்கும்.

"கையைக் காட்டு, சாமி."
சென்னியப்பன் விரித்தான்.
கருப்பட்டிப் பிசுக்கு.
வேறொன்றும் இல்லை.
பாதத்தில் ஒரு கிளுவை முள், பழையது.

"சின்னதுதான் தாயி. பத்து நாளில் உதிர்ந்துபோகும்."

அவள் சிரிக்கவில்லை.
"நல்லாப் பாருங்க.
ராத்திரி விளக்கு வெளிச்சத்துல
பெரிசாத்தானுங்க தெரியுது."
காளைச் சோடியில் ஒன்றை விற்றாகிவிட்டதாம்,
கிணறு இன்னும் பாறையிலேயே நிற்கிறதாம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
எங்கள் வீட்டில் மூன்று பேர் படுத்தோம்,
வாழையிலையை விட்டு எழுந்தவன் நான் ஒருவன்.
ஒன்றும் சொல்லாமல் தலைப்பாகையை அவிழ்த்தேன்.
புளுக்கம், அவ்வளவுதான்.
அப்போதுதான் அவள் என் முகத்தைப் பார்த்தாள்,
நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும்,
உழவு காட்டைப் பார்ப்பது மாதிரி நிதானமாக.

பிறகு பையனின் விரல்களை
ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"அப்ப அந்த ஆயிரம் யாருக்குங்க?"

தெரியவில்லை என்றேன்.
ஒருத்தருக்கும் கிடைக்கக் கூடாது என்றுதான்
மேலே இருப்பவர்கள் வேண்டிக்கொள்கிறார்கள் என்றேன்.
அது அவளுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும்.
எனக்கும் பாதி அப்படித்தான்.

"ஊசியாவது போட்டுடுங்க."
"காய்ச்சல் விடட்டும். நானே வர்றேன்."
"வாங்க. காட்டுக்குள்ள போக மாட்டம்."

குறிப்பேட்டில் எழுதினேன்:
மூலனூர். சின்னம்மை, ஒன்று.
பெரியம்மை, இல்லை.
பஸ்ஸுக்குக் கொடுத்த ரெண்டு ரூபாயை எழுத
அதில் கட்டம் இல்லை.