சிரிக்காதிருக்கும் வேலை

செவ்வாயும் வியாழனும்
தார்த்து நகரில், பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில்
சிரிக்காமல் இருப்பதற்கு
எனக்கு மணிக்குப் பதினோரு யூரோ.

வெள்ளை அங்கி, கையில் பேனா.
எதிரே ஒருவர் வந்து நின்று
ஐந்து நிமிடம் தன்னைப் பற்றிப் பேசுவார்,
இந்த வேலைக்குத் தானே தகுதி என்று.
அப்படியொரு வேலை கிடையாது.
நான் தலையசைக்கக் கூடாது.
'உம்' கொட்டக் கூடாது.
உம் கொட்ட ஆளில்லாத இடத்தில்
எவ்வளவு சீக்கிரம் வாய் காய்ந்துபோகிறது!
பேச்சு நின்றால், இருபது எண்ணிவிட்டு
நான் சொல்ல வேண்டியது ஒரே வரி:
"இன்னும் நேரம் இருக்கிறது."

பக்கத்தில் தார்மோ, ஆய்வு மாணவன்.
அவனுக்கு வேண்டியது எச்சில்.
பஞ்சுச் சுருளைக் கடிக்கச் சொல்லி
குழாயில் போட்டு, எண் ஒட்டி, உறையவைத்து,
பயம் எத்தனை நானோமோல் என்று பார்ப்பான்.
"நாக்கு பொய் சொல்லும், அதன் ஈரம் சொல்லாது" என்பான்.
அதைச் சொல்லும்போது மட்டும்
அவனுக்கு லேசாகத் திக்கும்.

நாற்பத்தோராம் எண் பிப்ரவரியில் வந்தது.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது;
கோட்டின் உட்பட்டியில் தைத்திருந்தது, ஹெல்துர் என்று.
பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் சிறு குட்டை.
அதைப் பார்த்துத்தான் பேசினார்.
"எனக்குக் கோடு நேராக வரும். வெல்டிங் கோடு."
அவ்வளவுதான்.
எண்ணினேன். இருபது.
"இன்னும் நேரம் இருக்கிறது."

"பட்டறை இருந்தவரை நாலரைக்கு எழுந்துவிடுவேன்,
அலாரம் இல்லாமல்.
இப்போது பால் வாங்கக்கூட எழ முடிவதில்லை.
எது எழுப்பிவிட்டதோ அது போய்விட்டது.
இருந்தபோது அது என்னவென்று
நான் பார்த்து வைக்கவில்லை."

இதை எழுத எங்கள் தாளில் கட்டம் இல்லை.
என் பேனா ஓரத்தில் ஒரு பூனை வரைந்திருந்தது.

பிறகு கணக்கு.
ஆயிரத்து எண்பத்தேழிலிருந்து
பதின்மூன்று பதின்மூன்றாகக் கழிக்க வேண்டும், வாய்விட்டு.
எழுபத்து நாலு.
அறுபத்தொன்று.
நாற்பத்து... ஒன்பது.
"தவறு. முதலிலிருந்து."
என் குரல்தான் அது. தகரத்தில் ஆணி.
அவர் கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறியது.
நான்கு முறை முதலிலிருந்து.
நான் கீழுதட்டை உட்புறமாகக் கடித்துக்கொண்டேன்.
முகம் அசையவில்லை. சுத்தமான தரவு.

முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவோம், அது விதி.
நாங்கள் நடித்தோம் என்று. பிஸ்கட்டும் உண்டு.
"தெரியும்," என்றார். "உள்ளே வரும்போதே தெரியும்.
இதுக்குத்தான் தெரியல."
வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

அன்று மாலை லீஸ்பெத், ஏழு வயது,
பள்ளியில் பனியில் சறுக்கி விழுந்த கதையைப்
பாதியில் நிறுத்தினாள்.
"நான் என்னம்மா தப்பா சொன்னேன்?"
ஒன்றுமில்லையே என்றேன்.
குளியலறைக் கண்ணாடியில்
வெகுநேரம் எதையோ தளர்த்திப் பார்த்தேன்.

இரண்டாம் அளவீட்டுக்கு அடுத்த வியாழன் வந்தார்.
ஒன்பதுக்கு வரச் சொன்னவர்
எட்டேகாலுக்கே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்,
சவரம் செய்துகொண்டு.

ஆயிரத்து எழுபத்து நாலு, அறுபத்தொன்று, நாற்பத்தெட்டு,
முப்பத்தைந்து, இருபத்திரண்டு...
நிற்கவில்லை. ஐந்நூறு தாண்டி, நூறு தாண்டி,
அதுவரை எவரும் போகாத
முப்பத்து நாலு, இருபத்தொன்று, எட்டு.

தார்மோ நெற்றியில் கை வைத்தான்.
"வீட்டில் பழகினீர்களா?"
"தினமும். காலையில். எழுந்ததும்."

தரவு பாழ். நாற்பத்தோராம் எண்ணைச்
சிவப்பு மையால் அடித்தான்.

எட்டில் பதின்மூன்று போகாது.
ஹெல்துர் அங்கேயே நின்றார்,
குட்டையைப் பார்க்காமல், என்னைப் பார்த்து.
"இன்னும் நேரம் இருக்கிறதா?" என்றார்.

என் முகம் அப்போது என்ன செய்ததென்று
எனக்குத் தெரியாது.
என் எச்சிலை யாரும் எடுத்து வைக்கவில்லை.