ஜன்னலில் பாதி

மின்கம்பத்தில் ஒட்டிய தாளின் அடியில்
ஒரே எண்ணை ஒன்பது வாலாக வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.
ஏழு வாலை யாரோ கிழித்துப் போயிருந்தார்கள்.
எட்டாவதை நான் கிழித்தேன்.
தேராவில் வெள்ளிக்கிழமை, தொழுகை கலைந்த நேரம்,
செருப்பின் அடி இளகும் வெயில்.

லேடீஸ் மட்டும்.
கீழ்க்கட்டில் எண்ணூற்றைம்பது, மேல்கட்டில் எழுநூறு.
சமைக்கலாம், மீன் கூடாது.

பன்னிரண்டாம் மாடி. வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு.
காட்டிய கட்டிலில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.
"இது முப்பதாம் தேதி போய்விடும்" என்றார் முஜீபுதீன் பாய்,
குரலைத் தாழ்த்தாமல்.
அவள் கண் திறந்து பார்த்தாள்,
தன் சட்டையை இன்னொருத்தி
போட்டு அளவு பார்ப்பதைப் பார்ப்பதுபோல.
பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்தது கராமாவில். தமிழ் வீடு.
அதற்காகவே க்ரீக்கைத் தாண்டிப் போனேன்.
காபி கொடுத்தார்கள்.
ஊர் எதும்மா?
அருப்புக்கோட்டை.
அருப்புக்கோட்டையில எங்க?
பஸ் ஸ்டாண்டு பக்கம்.
பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்கயா, மேற்கயா?

என் பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு கட்டம்
கடல் தாண்டி எனக்கு முன்னால் வந்து
சோபாவில் உட்கார்ந்திருந்தது,
நிரப்பு நிரப்பு என்று சிரித்த முகத்தோடு.
காபி நன்றாகத்தான் இருந்தது.
"சொல்றோம்மா" என்றார்கள்.
சொன்னது அவ்வளவுதான்.

தனியாக ஒரு ஸ்டுடியோ கேட்டுப் பார்த்தேன்,
பேராசை.
சம்பளச் சான்று, டெபாசிட், நாலு செக்.
செக் புத்தகத்துக்கு வங்கி விலாசம் கேட்கிறது.
விலாசத்துக்கு இவர்கள் செக் கேட்கிறார்கள்.
லேபில் நாள் முழுக்க
யார் யார் ரத்தத்துக்கோ பெயர் ஒட்டுகிறேன்,
ஒரு குழாய் மாறாமல்.

கடைசியில் பாயே கூப்பிட்டார்.
ஹாலை பிளைவுட்டால் மூன்றாகத் தடுத்த வீடு.
ஆறடிக்கு ஏழடி. கதவு திறந்தால் கட்டில் இடிக்கும்.
குளியலறைக் கதவில் நேரப் பட்டியல்,
எனக்கு மிச்சமிருந்தது நாலேகால் முதல் நாலரை.
"ஆனால் ஜன்னல் இருக்கிறது" என்றார்,
ஆண்டவனே கொடுத்தது மாதிரி.
இருந்தது, பாதி.
பலகை நேராக வந்து கண்ணாடியின் நடுவில் முட்டி நின்றது.
என் பக்கம் கண்ணாடி.
கைப்பிடி அந்தப் பக்கம்.
பாதி ஜன்னலுக்கு நூறு திர்ஹாம் கூடுதல்.

அந்தப் பக்கம் இருந்தவள் ராத்திரி வேலைக்காரி.
சோப்பும் இஸ்திரிச் சூடும் மணக்கும்.
இருமினால் எனக்குக் கேட்கும்.
ஏசி நின்றுபோன ஒரு நாள் பலகையைத் தட்டினேன்.
சற்று நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஜன்னல் ஒரு சாண் நகர்ந்தது.
அப்படியே பழகிற்று:
ஒரு தட்டு திறக்க, இரண்டு தட்டு மூட.
முகம் பார்க்காமல் பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் இரவு
சோதனைக்கு வருகிறார்கள் என்று செய்தி.
ஒரு மணி நேரத்தில் பலகைகளைக் கழற்றி
லிஃப்டில் இறக்கிவிட்டார்கள்.
சட்டென்று அது ஒரு ஹால்.
நடுவில் நாலு கட்டில், சொந்தக்காரர்கள் மாதிரி நாங்கள்.
ஜன்னல் முழுசாக நின்றது.
எதிரில் தண்ணீர் டாங்கி, ஒரு பள்ளிவாசல் கோபுரம்,
யாரோ காயப்போட்ட நீலச் சீருடைகள்.

நெட்டையான பெண் ஒருத்தி
கைப்பிடிப் பக்கம் நின்றாள்.
டிகிஸ்ட் என்றாள். எனக்கு இரண்டு தடவை தப்பாகக் கேட்டது.
செண்பகவல்லி என்றேன். "செம்பா" என்று முடித்துவிட்டாள்.
அதற்கு மேல் பேச எங்களிடம் மொழியில்லை,
என் கையை எடுத்து, தட்டும் விரலை மட்டும்
பிடித்துப் பார்த்துச் சிரித்தாள்.

யாரும் வரவில்லை.
மூன்றாம் நாள் பலகைகள் திரும்பின.
தச்சன் அவசரத்தில் நாலு விரற்கடை தள்ளி அடித்துவிட்டான்.
கைப்பிடி இப்போது என் பக்கம்.
"ஐம்பது கூடும்" என்றார் பாய்.

மத்தியானம் இரண்டு மணி.
ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருந்தேன்.
பலகையில் ஒரு தட்டு.

அலுமினியம் கொதித்தது.
துப்பட்டா நுனியைச் சுற்றிக்கொண்டு
இழுத்தேன்.