கூடுதலாய் ஊறிய நிறம்

செவ்வாய், பதினொன்று இருபது.
அட்ராக்டாவின் பாதித் தலைக்குச் சாயம் பூசி
அலுமினியத் தாள்களை மடித்துக்கொண்டிருந்தேன்.
போன் அதிர்ந்தது,
மேசையில் இருந்த சீப்புகளும் அதோடு நடுங்கின.

ஆண், அறுபத்தொன்று, மூச்சில்லை.
வீட்டைச் சொன்னார்கள், பெயரைச் சொல்லவில்லை.
மேயோவின் இந்தக் கடல்முனையில் பெயர் எதற்கு?
கரிமண் கட்டிகளை அடுக்கிய சுவர்,
அதைத் தாண்டி நீலக் கேட்.
"மயிரே போச்சு, நீ ஓடு" என்றாள் அட்ராக்டா,
வயது எழுபத்துமூன்று, தினமும் பூசைக்குப் போகிறவள்.

காசில்பாரிலிருந்து ஆம்புலன்ஸ் வர
ஐம்பத்தைந்து நிமிடம்,
செம்மறிகள் சாலையில் படுத்திருந்தால் அதற்கும் மேல்.
எனக்கு ஏழு.
மீதி நாற்பத்தெட்டில்தான் எங்களுக்கு வேலை.

பாரிஷ் மண்டபத்தில் பழகியது
காலில்லாத, மொட்டைத்தலைப் பொம்மைமேல்.
சரியாக அழுத்தினால் 'டிக்' என்று மெச்சும்.
மனித விலா மெச்சாது.
முதல் சில அழுத்தத்திலேயே
உள்ளே ஏதோ காய்ந்த சுள்ளியாய் முறியும்.
நிறுத்தக்கூடாது.
மூன்று வாரம் அதைத்தான் சொல்லித்தந்தார்கள்,
நிறுத்தக்கூடாது.

அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே கிடந்தார் பின்டன்.
உருளைக்கிழங்கு உரித்த கத்தியை
பிரீட் இன்னும் கீழே வைக்கவில்லை.
தாடையைத் தூக்கி, நெற்றியைப் பின்னால் சாய்த்தேன்.
என் விரல்கள் எனக்கு முன்னால் அடையாளம் கண்டன:
இடது காதின் பின்னே முள்கம்பி கிழித்த தழும்பு,
எந்தத் தண்ணீருக்கும் படியாத உச்சிச்சுழி.
வெள்ளிக்கிழமைதான் வெட்டினேன்.
கழுத்தோரம் ரேசர் போன கோடு
இன்னும் நேராய், புதுசாய்.

முப்பது. இரண்டு மூச்சு. முப்பது.
மீன்பண்ணை பூட்ஸோடு டொனச்சா வந்தான்.
கை மாற்றினோம், மறுபடி மாற்றினோம்.
இயந்திரம் மட்டும் பதறவில்லை.
வங்கியில் வரிசை எண் கூப்பிடும் குரலில்
விலகி நில்லுங்கள் என்றது.
மூன்று முறை விலகினோம்,
மூன்று முறை மண்டியிட்டோம்.
உருளைக்கிழங்குத் தண்ணீர் பொங்கி வழிந்து
அடுப்பில் சீறிக்கொண்டே இருந்தது.
என் முறையில்லாத நேரம் பார்த்து
எழுந்துபோய் அணைத்தேன்.
திரும்பியபோது டொனச்சா களைத்திருந்தான்,
ஒரு எண்ணிக்கை தாமதமாய்க் கை மாறியது.
அந்த ஓர் எண்ணிக்கையை
இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு
ஆம்புலன்ஸ் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.
"சரியாகத்தான் செய்தீர்கள்."
செய்தோம்.
சரியாகவில்லை, அவ்வளவுதான்.
பிரீட் கையிலிருந்த கத்தியை
டொனச்சா மெதுவாக வாங்கித் துடைத்து
டிராயரில் வைத்தான், வேறு யாரோ வீட்டில் தூங்குவதுபோல.

புதன் இரவு முன்னறையில் பெட்டி திறந்திருந்தது.
ஊர் முழுக்க வரிசையில் நின்று கைகுலுக்கியது.
"தலையைத் தொடவே தேவையிருக்கவில்லையாம்" என்றாள் பிரீட்,
"இப்போதுதான் வெட்டியது மாதிரி இருக்கிறதாம்."
சாண்ட்விச் தட்டை நீட்டினாள்.
இரண்டு எடுத்துக்கொண்டேன்.
என்ன சொல்லி மறுப்பது?

அன்று நான் கடைக்குத் திரும்பியபோது
அட்ராக்டா போயிருந்தாள்.
எரிச்சல் தாங்காமல் தானே கழுவியிருக்கிறாள்,
பேசினில் துரு நிறம்.
தாள்களை அடுக்கிச் சீப்புக்கடியில் வைத்திருந்தாள்,
கூடவே முழுப் பணமும்.
ஞாயிறு பூசையில் பின்னாலிருந்து பார்த்தேன்:
பாதித் தலை நரை,
பாதி கரையில் கைவிட்ட படகு.
இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்றேன்.
பார்க்கலாம் என்றாள்.

ஆறு வாரம் கழித்து வந்தாள்.
"மறுபாதிக்கும் அதே நிறம்."
"அது தப்பாய் வந்த நிறம், அட்ராக்டா."
"தெரியும்" என்றாள்.
நாற்காலியில் உட்கார்ந்து,
என் போனை நான் பார்க்கும்படி நிமிர்த்தி வைத்துவிட்டு,
தாள்களை ஒவ்வொன்றாய்
எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள்.