நூற்று முப்பத்தேழு

விடிகாலை நாலே முக்காலுக்கு
ஜீப்பில் பதினாலு பேரை ஏற்றுவேன்.
பத்துக்கு மேல் ஏற்றினால் செக்போஸ்ட்டில் கேஸ்,
பத்தோடு நிறுத்தினால் வீட்டில் கேஸ்.
ஏலக்காட்டுக்குப் போகும் பொம்பளைகள்
தூக்குச்சட்டியை மடியில் வைத்தபடி
கம்பமெட்டு ஏறுமுன்னே தூங்கிப்போவார்கள்.
வண்டிக்காசு சனிக்கிழமைதான் கைக்கு வரும்,
வந்தால்.

கணக்கு எழுதுவது சுபவர்ஷினி, ஒன்பதாவது படிக்கிறாள்.
என் எழுத்து எனக்கே புரியாது.
ராமுத்தாய் பாக்கி 140.
ஒச்சம்மாள் 120.
குருவம்மாள் போன வாரத்தையும் சேர்த்து 180.

அவளுக்கென்று இன்னொரு நோட்டு உண்டு.
விரலில் குத்தி, பட்டையில் தொட்டு,
மெஷின் காட்டும் எண்ணை அதில் எழுத வேண்டும்,
நாளைக்கு மூணு தடவை.
ஊசிமருந்து தேனி பெரியாஸ்பத்திரியில் கிடைத்துவிடுகிறது,
பட்டை நம்ம பாடு.
ஒரு சொட்டு ரத்தத்தையும் கொடுத்து
இருபது ரூபாயும் கொடுக்கிற யாவாரம்
வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள்.
அன்றிலிருந்து வீட்டில்
எல்லாவற்றுக்கும் விலை பட்டையில்.
பெரியவனின் பாலிடெக்னிக் பீஸ் அறுநூறு பட்டை.
முன் டயர் இரண்டும் மாற்ற நானூறு.
பாண்டீஸ்வரியின் தோடு
அடகுக்கடையில் எண்ணூறு பட்டைக்கு இருக்கிறது,
வட்டி தனி.
இதையெல்லாம் சத்தமாகச் சொன்னது நான்தான்.
பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியிலிருந்து எண்கள் நல்லபடியாக வந்தன.
142. 118. 137.
பாண்டீஸ்வரி பாகற்காயைக் கும்பிட்டாள்.
மூணு மாச ரத்தப் பரிசோதனைக்கு
ஒரு நாள் ஓட்டம் போகுமே என்று
நாள் தள்ளிப்போட்டேன்.
நோட்டே நல்லாயிருக்கே, பிறகென்ன?

மார்கழியில் மெட்டுக்கு மேலே பஞ்சராகி நின்ற நாள்.
இரண்டு நோட்டும் ஒரே பையில் கிடந்தன.
பனிக்குள் உட்கார்ந்து சும்மா புரட்டினேன்.
ராமுத்தாய் 140. சுகர் 142.
ஒச்சம்மாள் 120. சுகர் 118.
கடைசி இலக்கத்தை மட்டும் லேசாகத் தட்டி
ஏலக்காட்டுக் கடனையெல்லாம்
தன் ரத்தத்தில் எழுதி வைத்திருந்தாள்.
137 யாருடையது என்றுதான் பிடிபடவில்லை.

ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் மூணு பெட்டி.
"பிரிக்கவே இல்லப்பா.
கடையில திருப்பிக் குடுத்தா காசு தருவாங்கல்ல?"
ஊசி?
"போட்டேன்பா. குத்துமதிப்பா."
குத்தாமலே குத்துமதிப்பு.
கோபம் வந்த வேகத்தில் கை ஓங்கினேன்,
அது பாதியில் நின்று
விளக்கு சுவிட்சை அணைத்துவிட்டு வந்தது.

மேட்டுக்கடை ஷிபு பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்.
"டேட் கழிஞ்ஞல்லோ சேட்டா."
தேதி நெருங்கிய சரக்கு,
பெட்டிக்கு இருநூறு குறைவு என்று
அவனிடமே கெஞ்சி வாங்கியவன் நான்.
"மோளுக்கு எங்ஙனயுண்டு?" என்றான்.
இந்தப் பக்கத்துப் பாஷையிலும்
அந்தப் பக்கத்துப் பாஷையிலும் தேடினேன்.
புதுப்பெட்டி ஒன்று கடனுக்குத் தந்தான்.
அவன் நோட்டிலும் இப்போது நான் ஓர் எண்.

ராத்திரி மூணு மணிக்கு எழுப்பினேன்.
தூக்கத்திலேயே விரலை நீட்டினாள்.
அஞ்சு நொடி. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.
311.
"நான் எழுதுறேன்" என்று பேனாவைக் கேட்டாள்.
கொடுக்கவில்லை.
என் கோணல் எழுத்திலேயே எழுதினேன்.
பாண்டீஸ்வரி மருந்தை எடுக்கப் போனவள்
குளிர்பெட்டிக் கதவைத் திறந்துவைத்து
அந்த வெளிச்சத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.
"அந்த நூத்தி முப்பத்தேழு?" என்று கேட்டேன்.
"அது நெசம்பா. அன்னிக்கு மட்டும் குத்துனேன்."

நாலே முக்காலுக்கு வண்டி எடுத்தேன்.
முன்சீட்டில் ராமுத்தாய்.
"பிள்ளைக்கு எப்படியிருக்கு?"
"முன்னூத்திப் பதினொண்ணு."
தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
திடுக்கிட்டுத் திரும்பினாள்.
"எனக்கா? நூத்தி நாப்பதுதானேப்பா பாக்கி?"