இருபதுக்கு எத்தனை

பதினாறு கேள்விகள் என்றாள் பின்யா.
எத்தனை முறை விழுந்தீர்கள் என்று இந்தத் தாள் கேட்காது.
விழமாட்டேன் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்,
அதுதான் வேண்டும். பூஜ்யத்திலிருந்து நூறுவரை.

குவோப்பியோ மருத்துவமனை, நான்காம் மாடி.
சன்னலில் புய்யோ குன்று,
அதன்மேல் பனிச்சறுக்குத் தாவல் கோபுரம்.
இருபத்தாறு குளிர்காலம் அங்கே நடுவர் பெட்டியில் நின்றேன்.
ஐந்து பேர், ஆளுக்கு இருபது மதிப்பெண்.
மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் தள்ளுபடி,
மிச்சம் மூன்றுதான் கணக்கு.
இங்கே நடுவரும் நான், குதிப்பவனும் நான்.
தள்ளிவிட ஒரு எண்கூட இல்லை.

வீட்டுக்குள் நடக்க?
தொண்ணூறு.
கீழே கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுக்க?
எண்பது. இல்லை, எழுபத்தைந்து.
நாற்காலிமேல் ஏறி நின்று ஒரு பொருளை எட்டி எடுக்க?

மாத்திரைக்கு முன்னாலா, பின்னாலா என்றேன்.
அதற்குக் கட்டம் இல்லையே என்று
தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் வெள்ளை.
ஒன்பது மணி மாத்திரை உடம்பில் ஏறிய
பத்தரை மணி மனிதன் எழுபது சொல்வான்.
பன்னிரண்டரைக்கு அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு
வேறொருவன் உட்கார்ந்திருப்பான்,
அவனுக்குப் பத்தே அதிகம்.
நாற்பது என்று போட்டோம்.
நாற்பதாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

ஹெய்மோ என்றொரு பையன்.
தொண்ணூற்றிரண்டு மீட்டர் பறந்து இறங்கியபோது
இடக்கையில் ஒரு விரல், ஒரே விரல், பனியைத் தொட்டது.
மற்ற நால்வர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். குறைத்தேன்.
என்னுடையதுதான் மிகத் தாழ்ந்த எண், தள்ளுபடியாயிற்று.
பையன் கோப்பையோடு போனான்.
மூன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.
இப்போது மேசை விளிம்பு, பாத்திரத் தொட்டி, கதவின் நிலை,
எங்கும் என் விரல் ரேகை.
தொடாமல் நான் இறங்கியதே இல்லை, ஹெய்மோ.

கை நிறைய சாமான், பிடிக்காமல் மின்படியில்?
முப்பது.

பதினாறாவது:
உறைந்த நடைபாதையில் நடக்க?
பின்யா சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினாள்.
நீலம் பாரித்திருந்தது. காலையில், வாசலிலேயே.
உன் எண் என்ன என்றேன்.
யோசித்தாள். அறுபது.
எனக்கும் அதையே போடு.
அப்படிப் போடக்கூடாது என்றாள், பேனா மூடியைக் கடித்தபடி.
சரி, இருபது.
எழுதிய பிறகுதான் உறைத்தது,
என் தொழிலில் அது முழு மதிப்பெண்.

வெளியே வரும்போது வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது.
அங்கே ஒன்றும் இல்லை. ஓர் அலுமினியப் பட்டை,
இரண்டு விரல் அகலம்.
கோபுர உச்சியில் கட்டையில் உட்கார்ந்திருக்கும்
பையன்களும் இப்படித்தான்.
பச்சை விளக்கு எரிந்துவிடும். ஆனாலும்
பயிற்சியாளரின் கொடி இறங்கும்வரை அசையமாட்டார்கள்.

நடைவழியின் கோடியில் என் மனைவி லெம்பி,
ஒரு போட்டிகூடப் பார்க்க வராதவள்,
வண்டி நிறுத்த வாங்கிய நேரம் தீர்கிறதே என்று
சிவப்புக் கையுறையை உயர்த்தி
ஓங்கிக் கீழே வீசினாள்.

கட்டையை விட்டேன்.
வலது கால்.