ஒண்டு, ரெண்டு, மூண்டு

குருமண்வெளித் துறையில்
பாதைக்கு முதல் ஆளாய் நான்தான் ஏறுவேன்:
ஸ்பீக்கர் நாலு, மிக்சர் ஒன்று,
வயர்ச் சுருள் அடைத்த உரப்பை.
இருபத்தாறு வருசமாய்
படுவான்கரைக் கூட்டங்களுக்கெல்லாம்
சத்தம் கொண்டு போகிறவன்.

ஹெட்போன் மாட்டினால்
மண்டபத்துக்குக் கேட்காததெல்லாம் எனக்குக் கேட்கும்.
எச்சில் இறங்காமல் தொண்டையில் தட்டுப்படுவது.
சட்டைப் பொத்தானை விரல் திருகுவது.
தாள் நடுங்குவது:
களுதாவளை வெற்றிலைக் கொடிக்குள்
காற்றுப் புகுந்த மாதிரி.
கிராம சேவகர் வில்வராசா
ஒவ்வொரு முறையும் வாய்க்குள் "முருகா" என்பார்.
மூன்று தேர்தல் வென்ற ஒருவரின் நாக்கு
அண்ணத்தில் ஒட்டி, பிய்ந்துதான் வரும்.
ஆதம்பாவா மாஸ்டரிடம் மட்டும் ஒன்றும் கேட்காது.
மேடை ஏறுமுன்
பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவார்.

பயந்தவர்களுக்காக நான் ஒரு களவு வைத்திருக்கிறேன்.
முதல் வசனத்துக்கு மைக்கைத் திறப்பதில்லை.
உதறல் என் காதோடு செத்துப்போகும்.
குரல் கால் ஊன்றியதும்
ஒற்றை விரலால் மெல்ல ஏற்றுவேன்.
"என்ன மனே, தொடக்கத்தில சத்தமே வரல்லியே"
என்று ஏசுவார்கள்.
வயர் பழசு என்பேன்.

சித்திரையில், வெல்லாவெளியில்,
சிறுபோகத்துக்கான கூட்டம்.
ஞானேஸ்வரி எழும்பினாள்.
கையில் கொப்பித் தாள், நாலாய் மடித்தது,
வியர்வையில் மை கசிந்தது.
இரண்டு வசனம் மூடி வைத்தேன்.
மூன்றாவதில் திறந்தேன்:
"...கடைசிக் கண்டத்துக்குப் போன போகம் தண்ணி வரல்ல சேர்.
கதிர் பாலிலேயே காய்ஞ்சு போச்சு."

பொறியியலாளர் பைலைப் புரட்டினார்.
"எல்லாக் கண்டத்துக்கும் போனதெண்டுதான் எழுதியிருக்கு.
வேற ஆருக்கும் வரல்லியா?
இருந்தா எழும்புங்க."

நூற்றி எழுபது கதிரை.
ஒன்றும் கிறீச்சிடவில்லை.
வட்டவிதானை சுவரோரம் நின்று
ஒவ்வொரு முகமாய்ப் பார்த்துக்கொண்டு வந்தார்.
மேடை மைக் திறந்தே கிடந்தது.
அதில் ஞானேஸ்வரியின் மூச்சு மட்டும்
போய், வந்து, போய்.

என் கையில் சோதனை மைக்.
காலையில் வெறும் மண்டபத்தில்
இதில்தான் கத்தினேன், ஒண்டு ரெண்டு மூண்டு என்று.
வயிறு கலங்கவில்லை. ஏன் கலங்கும்?
ஒண்டு ரெண்டு மூண்டுக்கு
எவனும் மறுப்புச் சொல்ல மாட்டான்.
அதை நினைவில் வைத்து
நாளைக்கு என் மடையை அடைக்க மாட்டான்.
இத்தனை வருசமும் என் காதுக்குள் உதறியது இதுதானா?
சொன்ன பிறகும் அதே ஊரில்,
அதே வாய்க்காலில்
தண்ணி பங்கிட வேண்டியவர்களின் கணக்கு?

மைக்கை முழுசாய் ஏற்றினேன்.
எனக்காக மூடி வைக்க
என் மிக்சரில் இன்னொரு கை இல்லை.
நான் எச்சில் விழுங்கியது
நாலு ஸ்பீக்கரிலும் விழுங்கியது.
யாரோ சிரித்தார்கள்.

"ஒண்டு," என்றேன். பழக்க தோசம்.
"ரெண்டு."
மைக் சோதிப்பது பிறகு என்று
பொறியியலாளர் கையை ஆட்டினார்.
"மூண்டு ஏக்கர், சேர்.
ஞானேஸ்வரிட பக்கத்து வரம்பு.
அதுக்கும் வரல்ல."

பிறகு ஒரு கதிரை கிறீச்சிட்டது.
இன்னொன்றும் கிறீச்சிட்டதா,
அதே கதிரைதான் மறுபடி இருந்துகொண்டதா,
தெரியாது. ஹெட்போனைக் கழற்றியிருந்தேன்.

வாடகையில் ஆயிரம் பிடித்துக்கொண்டார்கள்.
சத்தம் சரியில்லையாம்.
பின்னேரம், திரும்புகிற பாதையில்
ஸ்பீக்கர் மேல் குந்தியிருந்தேன்.
"எஞ்சின் உதறுதா, நீங்க உதறுறீங்களா?"
என்று கேட்டான் ஓட்டுகிறவன்.

ரெண்டும்தான் என்றேன்.